ஆள்காட்டி விரலின் இரண்டு கணு

கோவை கணபதியில், உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை, மூன்று பவர் பிரஸ், ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். முதலாளியைத் தவிர ஏழு பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். சனிக்கிழமை மாலை கவரில் சம்பளம். கோடியில் இருக்கும் பிரஸ்ஸை ஓட்டுபவருக்கு வயது 30; மாதக் கணக்கில் பார்த்தால் 18,000 ரூபாய் வாங்குகிறார். ஒருநாள் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பு, தகட்டை எடுக்கப் போன கை திரும்புவதற்குள் பஞ்ச் இறங்கிவிடுகிறது. வலது ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணு போய்விட்டது. மூன்று மாதம் வேலைக்கு வர முடியாது.

பட்டறை கற்பனை. விபத்து அப்படியல்ல. பிரஸ் ஓட்டிப் பிழைப்பவர்கள் வாழும் எந்தத் தெருவிலும் விரல் குறைந்த கை ஒன்றைப் பார்த்துவிடலாம்.

அந்த இரண்டு கணுவுக்கு எவ்வளவு கிடைக்கும்? முதலாளியின் மேஜை இழுப்பறையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமலும் போகலாம். ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரவும் கூடும். 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும் சிறு முதலாளிகளும் தொழிலாளர்களும் பார்க்கத் தவறுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

மலிவானதிலிருந்து தொடங்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 2015-ல் 12 ரூபாய்க்குத் தொடங்கியது. 2022 ஜூன் முதல் 20 ரூபாய். 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் போன்ற முழு இழப்பு நேர்ந்தாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போனால் 1 லட்சம். பட்டியல் அத்தோடு முடிந்தது. விரல் என்ற சொல்லே அதில் இல்லை. நம் ஆப்பரேட்டருக்கு இந்தத் திட்டத்தில் பூஜ்யம். 20 ரூபாய்க்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லைதான். எல்லோரும் சேர்ந்திருக்க வேண்டிய திட்டம் இது. ஆனால் இதில் சேர்த்துவிட்டு 'ஆட்களுக்கெல்லாம் காப்பீடு போட்டுவிட்டேன்' என்று சொல்லும் முதலாளி, பிரஸ் பட்டறையில் எது நடக்கும் என்று தெரிந்தவர் அல்லர்.

அடுத்தது, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு. பலர் சேர்ந்து எடுத்தால் குழு விபத்துக் காப்பீடு. குழுவுக்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நம் பட்டறை மயிரிழையில் தேறுகிறது. இதில் இழப்பீடு ஓர் அட்டவணைப்படி நடக்கும். ஒரு கை போனால் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். கட்டைவிரல் முழுதும் போனால் 25. ஆள்காட்டி விரலில் மூன்று கணுவும் போனால் 10, இரண்டு கணு என்றால் 8, ஒன்று என்றால் 4. நடுவிரலுக்கு 6, மோதிர விரலுக்கு 5, சுண்டுவிரலுக்கு 4 என்று இறங்கும். நெடுங்காலமாகப் புழங்கும் அட்டவணை இதுதான். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறலாம். 10 லட்சத்துக்குப் பாலிசி இருந்தால் நம் ஆளுக்கு 80,000 ரூபாய்.

இங்கே ஏஜென்ட் சொல்லாமல் விடும் வரி ஒன்று உண்டு. மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பாலிசியிலேயே இருக்கும். நான்காவதாக, குணமாகி வேலைக்குத் திரும்பும்வரை வாரம்தோறும் தரும் தொகை இருக்கிறது. தற்காலிக முழு ஊனப் பயன் என்று பாலிசியில் எழுதியிருக்கும். இதற்குத் தனிப் பிரீமியம். வழக்கமான குழு பாலிசிகளில் காப்பீட்டுத் தொகையில் வாரம் 1 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். அதற்கு மேல் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ரூபாயில் ஓர் உச்சவரம்பும் இருக்கும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் ஏஜென்ட் முதலில் கழற்றிவிடுவது இந்த வாரப் பயனைத்தான். கவரில் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் அந்த மூன்று மாதத்துக்கு வேறு வருமானம் கிடையாது. வாடகை, பால் கணக்கு, பள்ளிக் கட்டணம் எல்லாம் வாரப் பயனில்தான் ஓடியாக வேண்டும். 20 லட்சத்துக்கு வாரப் பயன் இல்லாத பாலிசியைவிட 10 லட்சத்துக்கு வாரப் பயனோடு இருக்கும் பாலிசியே மேல் என்பேன். கை மரத்துப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு 'இறந்திருந்தால் 20 லட்சம் வந்திருக்கும்' என்ற செய்தியால் என்ன பயன்? ஒரே விபத்துக்கு வாரப் பயனையும் விரலுக்கான தொகையையும் சேர்த்துத் தருமா, ஒன்றைக் கழித்துக்கொண்டு தருமா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில் அது.

ஏழு பேர் தேறாத கடையா? தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே சொற்களில் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த 'சரள் சுரக்ஷா பீமா' இருக்கிறது. இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். நிபந்தனைகள் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே என்பதால் பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். சாதாரண மனிதருக்கு இது பெரிய வசதி. வாரப் பயன் இதிலும் விருப்பத்தேர்வுதான், அதுவும் வாரத்துக்கு 0.2 சதவீதம். 10 லட்சத்துக்கு வாரம் 2,000 ரூபாய் வரும். அஞ்சலக வங்கி 2022-ல் 10 லட்சத்துக்கு 299, 399 ரூபாயில் தொடங்கிய குழு விபத்துக் காப்பீடு இன்னொரு வழி. பின்னர் தொகைகளும் வகைகளும் மாறியிருக்கின்றன, தபால்காரரிடமே கேட்கலாம்.

விபத்துக் காப்பீட்டில் தொழிலைப் பொறுத்துப் பிரீமியம் ஏறும். மேஜை வேலை முதல் வகுப்பு. மெஷின் ஆப்பரேட்டர், டிரைவர் இரண்டாம் வகுப்பு. சுரங்கம், வெடிமருந்துக் கிடங்கு, உயர் அழுத்த மின்கம்பி போன்றவை மூன்றாம் வகுப்பு. பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று பிரஸ் ஆப்பரேட்டரை 'அலுவலக உதவியாளர்' என்று எழுதிவிடுவது உண்டு. கிளைம் நாளன்று அந்தச் சொல்தான் முதலில் மேஜைக்கு வரும்.

இதுவரை சொன்னவை எல்லாம் விருப்பப்பட்டு வாங்குபவை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் முதலாளியின் தலையில் ஒரு பொறுப்பு உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பல பட்டறைகளில் மறந்தே போகிறார்கள். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. எனும் அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் இல்லாத இடத்துக்கெல்லாம் பொருந்தி வந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை உள்ளே இழுத்துக்கொண்டது. கணக்கிடும் முறை அதேதான். மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்கினால் நிரந்தர முழு ஊனத்துக்கான தொகை வரும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்பது 2020 ஜனவரியில் மத்திய அரசு நிர்ணயித்த வரம்பு. 30 வயதுக்குக் காரணி எண் 207.98. ஆக 9,000-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவுக்கு 11 சதவீதம். நம் ஆளுக்கு 2,05,900 ரூபாய் வருகிறது. சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவும் முதலாளியுடையதே. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குக் காரணம் இல்லையென்றால் பாதித் தொகை வரை அபராதமும் சேரலாம்.

விபத்து பாலிசியில் 80,000, சட்டத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். இரண்டு அட்டவணைகளும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பிறப்பு வேறு. பாலிசி உடம்பின் பாகத்தை அளக்கிறது, சட்டம் சம்பாதிக்கும் திறனை அளக்கிறது. 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், இடது கையை முழங்கையிலிருந்து இழந்த ஒரு தச்சருக்கு நூறு சதவீத இழப்பு என்றே இழப்பீட்டை முடிவுசெய்யும் ஆணையர் தீர்மானித்திருந்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பது அவருடைய காரணம். நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே கை, அதே தச்சர், தனியார் விபத்து பாலிசி என்றால் 50 சதவீதத்தோடு கதை முடிந்திருக்கும். அவர் தச்சரா ஜோதிடரா என்று பாலிசி கேட்பதில்லை.

இந்தச் சட்டப் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் இறக்கிவைக்கத்தான் ஊழியர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் 'டபிள்யூ.சி. பாலிசி' என்பார்கள். பிரீமியம் ஆண்டுச் சம்பளக் கணக்கின் மேல் விழும். மருத்துவச் செலவு, தொழில்சார் நோய், ஒப்பந்ததாரர் கொண்டுவரும் ஆட்கள் ஆகியவை பெரும்பாலும் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் உள்ளே வரும். தாமதத்துக்கான அபராதத்தைப் பொதுவாகத் தராது. இது முதலாளியைக் காப்பாற்றும் பாலிசி, தொழிலாளி அதன் வழியாகப் பயன் பெறுகிறார். விபத்துக் காப்பீடு நேராகத் தொழிலாளிக்கானது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது சரியல்ல. குறிப்பாக, பட்டறை விட்டு வீட்டுக்கு பைக்கில் போகும் வழியில் அவிநாசி சாலையில் நடக்கும் விபத்து சட்டத்தின்கீழ் வருமா என்பது காலங்காலமாக வழக்காடப்பட்ட கேள்வி. வேலையோடு தொடர்பு நிரூபிக்கப்பட்டால் வரும் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. அதையும் நிரூபித்தாக வேண்டும். 24 மணி நேரத்துக்கும் பொருந்தும் குழு விபத்து பாலிசியில் அந்தக் கேள்வியே எழாது. வேலை நேரத்துக்கு மட்டும் என்று மலிவாக விற்பதும் உண்டு. பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது இ.எஸ்.ஐ. இது தனியார் காப்பீடு அல்ல, ஆனால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கும் தராசு இதுதான். பத்துப் பேர் இருக்கும் தொழிற்கூடத்துக்குக் கட்டாயம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். நம் ஆப்பரேட்டருக்கு என்றால் முதலாளியிடமிருந்து 585, அவர் சம்பளத்திலிருந்து 135. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும், ஒரு மாதப் பிடித்தம்கூட ஆகாவிட்டாலும், பணியின்போது நேர்ந்த காயத்துக்குப் பயன் உண்டு. நாளுக்கு 600 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் அதில் 90 சதவீதம், அதாவது 540 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு 48,600. பிறகு மருத்துவக் குழு 11 சதவீதம் என்று சான்று தந்தால் நாளுக்கு 59 ரூபாய் 40 காசு, மாதத்துக்குச் சுமார் 1,780, ஆயுள் முழுக்க. கைக்குள் அடங்கும் சிறு தொகைதான். ஆனால் பத்து ஆண்டு ஆவதற்குள் அது சட்ட இழப்பீடான இரண்டு லட்சத்து ஆறாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அவருக்கு அப்போது நாற்பது வயதுதான் ஆகியிருக்கும். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வரிசையைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், இந்தப் பணத்தை எந்தத் தனியார் பாலிசியும் தராது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் சட்ட இழப்பீடு கேட்க முடியாது; தனியாக எடுத்த விபத்துக் காப்பீட்டுத் தொகையை மட்டும், இரண்டில் எது கிடைத்தாலும் அதற்கு மேலாக வாங்கிக்கொள்ளலாம்.

பத்துக்குக் குறைவான ஆட்கள் இருக்கும் இடங்களும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால், விருப்பத்தின்பேரில் சேரப் புதிய தொகுப்பு வழி விட்டிருக்கிறது. பத்தாவது ஆளைப் பதிவேட்டில் ஏற்றாமல் ஒன்பதிலேயே ஆண்டுக்கணக்காக நிற்கும் பட்டறைகள் இருக்கும் ஊரில் இதை எத்தனை பேர் செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

நான் இ.எஸ்.ஐ. பக்கம் சாய்வதற்கு விரலைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. தனியார் விபத்து பாலிசிகள் எல்லாவற்றிலும் 'விபத்து' என்பதற்கு ஒரே வரையறை: எதிர்பாராமல் திடீரென, வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி, வன்மையாக நிகழ்வது. நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டவருக்கு இது பொருந்தாது. இருபது ஆண்டு ஃபவுண்டரி மணலைச் சுவாசித்த நுரையீரலுக்கும், ஸ்பின்னிங் மில் பஞ்சுத் தூசிக்கும், ஃபோர்ஜிங் சத்தத்தில் மந்தமான காதுக்கும், டயாலிசிஸுக்கும், தேய்ந்த முதுகுத் தண்டுக்கும் பொருந்தாது. சட்டத்தில் தொழில்சார் நோய் என்று பட்டியல் இருப்பதால் மணலும் பஞ்சும் சத்தமும் ஓரளவு உள்ளே வரும். பக்கவாதத்துக்கு அதிலும் இடமில்லை.

அமெரிக்காவில் சிறு நிறுவனங்கள்கூட ஊழியருக்கு வாங்கித்தரும் ஊனக் காப்பீடு விபத்தா நோயா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேலை செய்ய முடியாவிட்டால் சம்பளத்தில் சுமார் 60 சதவீதத்தை மாதாமாதம் தரும். அப்படியொரு பொருளைக் கணபதிப் பட்டறைக்கு எந்த ஏஜென்ட்டும் எடுத்து வருவதில்லை. இங்கே கிடைப்பவை துண்டு துண்டானவை. தீவிர நோய் பாலிசி புற்றுநோய், மாரடைப்பு, நிரந்தர பாதிப்பை விட்டுச்செல்லும் பக்கவாதம் என்று பட்டியலில் உள்ள நோய்க்கு ஒரே தொகையாகத் தரும். ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து எடுக்கும் துணைப் பயன்கள் உண்டு. எல்.ஐ.சி.யின் விபத்து மரணம், ஊனத் துணைப் பயனில் ஊனத்துக்கான தொகையைப் பத்து ஆண்டுக்கு மாதத் தவணையாகப் பிரித்துத் தருவார்கள். 10 லட்சம் என்றால் மாதம் 8,333 ரூபாய். சம்பளம் போலவே வரும் என்பதால் அது எனக்குப் பிடிக்கும். ஆனால் விபத்தால் வந்த முழு ஊனமாக இருக்க வேண்டும். விரலுக்குக் கிடையாது, நோய்க்கும் கிடையாது.

நோயால் வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தருவது, இந்தப் பட்டறை எட்டக்கூடிய தூரத்தில், இ.எஸ்.ஐ. ஒன்றுதான். ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதம். காசநோய், புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு, போதிய காலம் பிடித்தம் கட்டியிருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை. பி.எப். இருக்கும் இடமானால், முழுமையாகவும் நிரந்தரமாகவும் முடங்கியவருக்கு ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு; நோயா விபத்தா என்று அங்கே கேட்பதில்லை. குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்பதால் அதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. இருபது பேருக்குக் குறைவான இடத்துக்கு அதுவும் கட்டாயமில்லை.

இதில் வேடிக்கையாக மாட்டிக்கொள்பவர் மேஸ்திரி. 20,500 ரூபாயிலிருந்து 22,000 ஆகச் சம்பளம் உயர்ந்ததும், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் 30 அல்லது மார்ச் 31 வரை இ.எஸ்.ஐ. தொடரும்; பிறகு வெளியே. 1,500 ரூபாய் கூடியதற்கு அவர் கொடுத்த விலை, நோய்க்கால ஊதியமும் ஊனத்துக்கான ஆயுள்காலத் தொகையும். அவர் அரசு ஊழியராக இருந்தால் பணிக்காலத்தில் ஊனமுற்றதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் விடாது. தனியார் பட்டறைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. இப்படிப்பட்டவருக்குத்தான் தனியார் காப்பீடு உண்மையிலேயே வேண்டும்: வாரப் பயனோடு சொந்தப் பெயரில் ஒரு விபத்து பாலிசி, கூடவே ஒரு தீவிர நோய் பாலிசி. சொந்தப் பெயரில் என்று அழுத்திச் சொல்லக் காரணம், குழு பாலிசி வேலையோடு வந்து வேலையோடு போய்விடும்.

குழு பாலிசியில் இன்னொரு சிக்கல் பெயர்ப் பட்டியல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் வேறு முகங்கள் திரும்பி வரும். ஏப்ரலில் கொடுத்த பட்டியலில் நவம்பரில் விரல் போனவரின் பெயர் இருக்காது. பெயரில்லாமல், வேலைப் பிரிவும் எண்ணிக்கையும் மட்டும் காட்டி எடுக்கும் முறை இருக்கிறது. அல்லது ஆள் சேர்ந்த அன்றே மின்னஞ்சலில் தெரிவித்துவிட வேண்டும். நசுங்கினாலும் துண்டாகாத விரலுக்கும் கிளைமில் தகராறு வரும். 'இழப்பு' என்றால் துண்டானது மட்டுமா, மடக்க முடியாமல் விறைத்துப்போனதும் சேருமா என்று வரையறைப் பக்கத்தில் பார்த்துவைக்க வேண்டும். கிளைம் மறுக்கப்பட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

என் பட்டறையாக இருந்தால் முதலில் ஆட்களை உட்காரவைத்துப் பேசி இ.எஸ்.ஐ.யில் விருப்பப் பதிவுக்கு முயல்வேன். அதற்கு மேல் வாரப் பயனோடு குழு விபத்து பாலிசி. இ.எஸ்.ஐ. அமையாவிட்டால் மருத்துவச் செலவும் தொழில்சார் நோயும் சேர்த்த ஊழியர் இழப்பீட்டு பாலிசி, கூடவே அதே குழு பாலிசி. 20 ரூபாய்த் திட்டம் எப்படியும் இருக்கும். மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும் என்று மட்டும் எல்லோருக்கும் நினைவூட்டுவேன்.

இழப்பீட்டு பாலிசியின் படிவத்தை நிரப்பும்போது சம்பளக் கட்டத்துக்கு வந்ததும் பேனா தயங்கும். கவரில் போவது 18,000. பதிவேட்டில் 9,000 என்று எழுதி வைத்திருக்கலாம், பிரீமியமும் குறையும். விரல் போன பிறகு ஆணையர் தொழிலாளியிடம் உண்மையான சம்பளத்தைக் கேட்டு 2,05,900 ரூபாய்க்கு உத்தரவிடுவார். காப்பீட்டு நிறுவனம் படிவத்தில் இருந்த 9,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, மிஞ்சினால் 1,23,540 தரும். மீதி 82,360 ரூபாயை முதலாளி தன் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.